பக்கத்து காட்டுல அடிச்ச களைமருந்து நம்ம பயிர்ல விழுந்த அனுபவம் யாருக்காவது இருக்கா

உடுமலை தக்காளிக்காரன்:
ஆடி மாசம் நம்ம பக்கம் காத்து எப்படின்னு சொல்லத் தேவையில்ல, பாலக்காட்டு கணவாய்ல இருந்து நேரா வந்து விழும். மேக்கால தோட்டத்து அண்ணன் மக்காச்சோளத்துக்கு டூ ஃபோர் டி (2,4-D, அகல இலைக் களையைக் கொல்ற மருந்து) அடிச்சாரு, அதும் பவர் ஸ்பிரேயர்ல, புகை மாதிரி எங்க பொழி (எல்லை வரப்பு) தாண்டி வருது. ரெண்டு மூணு நாள்ல தக்காளி கொழுந்தெல்லாம் முறுக்கிக்கிச்சு, இலைக்காம்பு கீழ தொங்குது, இலை நார் நாரா வருது. மருந்துக்கடையில கேட்டா இலைச்சுருட்டு வைரஸ், வெள்ளை ஈக்கு அடிங்கன்னு ஒரு பில்லு போட்டுட்டான்.

அண்ணனைக் கூட்டிட்டு வந்து காட்டுனேன். ஒரு கொழுந்தைக் கிள்ளிப் பாத்துட்டு "இது வைரஸ் கண்ணு"ங்கறாரு. ஏனுங்கண்ணா, வைரஸ்னா அங்கொண்ணும் இங்கொண்ணுமா தானுங்க வரும், இது மேக்கோரத்து சால் மட்டும் வரிசையா போயி, உள்ள வர வர கொறைஞ்சு, கெழக்க ஒரு செடிக்கும் ஒண்ணும் இல்லீங்களேன்னேன். பதில் இல்ல. அப்பத்தான் பாக்கறேன், பொழி வேலில படர்ந்து கெடந்த கோவைக்கொடியும் அதே மாதிரி முறுக்கிக் கெடக்குது. அதையும் கையக் காட்டுனேன். கொடியப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு போயிட்டாரு. திட்டியிருந்தா கூட மறந்திருப்பேனுங்க.

பெரம்பலூர் பருத்தி:
எங்க ஊர்ல மானாவாரி, ஒரு காடு பருத்தி அடுத்த காடு மக்காச்சோளம், அதனால இது வருசா வருசம் நடக்கறதுதான். பருத்திக்கு டூ ஃபோர் டி வாசம் பட்டாலே போதும். எங்கம்மா கொல்லைக்கு வந்து பாத்துட்டு "ஏண்டா வெண்டை எப்ப போட்ட"ன்னு கேட்டாங்க, அந்த அளவுக்கு இலை பிளந்து விரல் விரலா நிக்குது. ஆனா ஒண்ணு, எல்லாத்துக்கும் பக்கத்துக்காரன் மேல பழி போடாதீங்க தம்பி. என் காட்டுல காத்து வந்த பக்கம்னு ஒண்ணும் கிடையாது, நடு காடுதான் மோசம். அப்புறம் விசாரிச்சா, சாறுண்ணிப்பூச்சிக்கு மருந்தடிக்க கூலிக்கு வந்த ஆளு, முந்தின நாள் வேற ஒருத்தர் சோளத்துக்கு களைமருந்து அடிச்ச அதே டேங்க்கை சும்மா தண்ணி ஊத்தி அலசிட்டு வந்திருக்கான். முதல் டேங்க் எங்க அடிச்சானோ அங்க போச்சு. கேட்டா "கழுவிட்டேனேண்ணே"ங்கறான். முதல்ல டேங்க்கைப் பாருங்க, அப்புறம் வேலியப் பாக்கலாம்.

படுகை வாழை:
பெரம்பலூர் அண்ணே, அவரு மேற்கோரத்துல மட்டும்னு தெளிவா சொல்லியிருக்காரு, டேங்க் கதைய ஏன் அங்க கொண்டு போறீங்க? எனக்கு நடந்தது பாராகுவாட், பட்ட இடத்தைக் கருக்கற களைமருந்து. திருவையாறு பக்கம், பூவன் வாழையை இலைக்குன்னே விட்டிருந்தேன். வாய்க்கா வரப்புல புல்லு கருகட்டும்னு பக்கத்துக்காரர் அடிச்சாரு, மறுநாள் வெயில் ஏறுனதும் இலை பூரா பொட்டு பொட்டா தீஞ்சு நிக்குது. மரத்துக்கு ஒண்ணும் ஆகல, புதுக்குருத்து நல்லாத்தான் வந்துச்சு. ஆனா முகூர்த்த நாளுக்கு முந்தின அறுப்பு அது. யாவாரி கட்டைப் பிரிச்சாரு, மேல் இலைய விரிச்சாரு, பேசாம திரும்ப மடிச்சு கட்டி என் பக்கம் தள்ளி வச்சாரு. பந்தியில பொத்தல் இலைய யாரு போடுவா.

விவசாய பட்டதாரி:
எனக்கும் ஒரு தடவை அவரைச்செடி கொஞ்சம் போச்சு, அதை விடுங்க. எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது. டூ ஃபோர் டில எஸ்டர், அமைன், சோடியம் உப்புன்னு வகை இருக்கு, எஸ்டர்தான் ஆவியாகி அடிச்ச பிறகும் நகரும், அதனால அடிக்கும்போது காத்து இல்லையேன்னு நிம்மதியா இருக்க முடியாது. களைமருந்துக்கு பவர் ஸ்பிரேயரே கூடாது, பிரஷர் ஏற ஏற துளி பொடியாகி காத்தோட போகும். பூச்சிமருந்து நாசிலும் வேணாம், விசிறி மாதிரி விழற ஃபிளாட் ஃபேன் இல்ல ஃபிளட் ஜெட் போட்டு, தாழ்த்திப் பிடிச்சு அடிக்கணும். சுத்தமா அசைவில்லாத விடியக்காலமும் ஆகாது, பொடித்துளி தரையோட மிதந்து எங்கயாவது போயி இறங்கும். கிளைஃபோசேட்ங்கற களைமருந்தை பூச்சி ஒழிப்புத் தொழில் லைசென்ஸ் இருக்கவங்க மட்டும்தான் அடிக்கலாம்னு மத்திய அரசு 2022 அக்டோபர்லயே உத்தரவு போட்டாச்சு, கிராமத்துல யாரு கேக்கறா. பயிர் போனா அன்னைக்கே போட்டோ எடுங்க, ஓரத்துல இருந்து உள்ள வர வரிசையா எடுங்க, வரப்புக் களையையும் சேர்த்து. வேளாண்மை உதவி இயக்குநர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்து ஒரு நகல்ல சீல் வாங்கிக்கங்க. அமெரிக்காவுல மிசௌரில ஒரு பீச் தோட்டக்காரர் டைகாம்பாங்கற களைமருந்து காத்துல வந்து மரம் போச்சுன்னு கேஸ் போட்டு, 2020ல ஜூரி 265 மில்லியன் டாலர் குடுன்னுச்சு, அப்புறம் கோர்ட்டுல அது குறைஞ்சது வேற விஷயம். நாம வரப்புல நின்னு கத்திட்டு வந்துடறோம்.

உடுமலை தக்காளிக்காரன்:
சார், நல்ல தகவல், ஆனா அந்தண்ணன் எங்க பங்காளி முறை, கெணத்து மோட்டாருக்கு கரண்ட் கம்பி அவரு காட்டு வழியாத்தான் வருது. ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு நான் தண்ணி எப்படி விடறதுங்க. செடி பக்கக்கிளை விட்டு வந்துச்சு, காய் மட்டும் கோணல் மாணலா, அடி பிளந்து. ரெண்டாம் தரத்துல போட்டுட்டு வந்தேன்.

படுகை வாழை:
கம்பி கதை எல்லா ஊர்லயும் இருக்கும் போலயே. எங்களுக்கு வாய்க்கா மடை.

புதுசா வந்தவன்:
அண்ணா, பந்தல் புடலைல ஒரு ஓரமா மட்டும் கொழுந்து சுருண்டிருக்கு, பக்கத்துல கரும்புக்கு போன வாரம் ஏதோ அடிச்சாங்க. வேலில இருக்க கொடியும் பாத்தேன், அது நல்லாத்தான் இருக்கு. அப்ப இது த்ரிப்ஸா (இலைப்பேன்)? போட்டோ சாயங்காலம் போடறேன்.