பழைய கேனன் 400 மி.மீ. லென்ஸ்: 48,000 ரூபாய் நியாயமான விலையா?

தாழைக்கோழி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திண்டிவனம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். விடுமுறை நாள்களில் கழுவேலி சதுப்பு நிலத்துக்குப் பறவை பார்க்கப் போவேன். கையில் இருப்பது கேனன் 80டி, அதோடு 55-250 எஸ்டிஎம் லென்ஸ். பக்கத்தில் வரும் கொக்கு, நாரைக்கு அது போதும். பூநாரைக் கூட்டம் தண்ணீரின் நடுவில் நிற்கும்போது படத்தில் ஒரு வெளிர்க் கோடுதான் வருகிறது. சேற்றுப் பூனைப்பருந்து பறந்தால் நிழலுருவம் மட்டும்தான். வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டும்போது அலகும் கண்ணும் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சேர்த்து வைத்திருப்பது 50,000 ரூபாய். புதுசு இந்தக் காசுக்கு வராது. செகண்ட் ஹேண்டில் இரண்டு கண்ணில் பட்டிருக்கின்றன.

ஒன்று, இஎஃப் 400 எஃப் 5.6 எல். புதுச்சேரியில் ஒருவர் வைத்திருக்கிறார், 48,000 சொல்கிறார். 2010 வாக்கில் வாங்கியதாம், ஒரே ஆள் பயன்படுத்தியதாம், பில் தொலைந்துவிட்டதாம். "உள்ளே லேசா தூசி இருக்கு, படத்துல தெரியாது" என்றார். நேரில் வந்து பார்க்கச் சொல்கிறார்.

இன்னொன்று, இஎஃப் 100-400 எல், இழுத்துத் தள்ளும் பழைய மாடல். சென்னை என்று போட்டிருக்கிறது, 36,000. இவர் நேரில் சந்திக்க நேரம் இல்லை என்கிறார். 5,000 முன்பணம் அனுப்பினால் கூரியர் போடுவாராம், மீதியை வந்த பிறகு கொடுத்தால் போதுமாம்.

400-ல் ஸ்டெபிலைசர் இல்லை, அதை வாங்கினால் எல்லாப் படமும் ஆடிப்போகும் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். எதை வாங்கலாம்? விலை சரியா? நேரில் போனால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கரையோரன் எழுதியது:

இரண்டுமே வேண்டாம் என்பேன். 80டி-யை விற்றுவிட்டு கேனனின் மிரர்லெஸ் ஆர் வரிசையில் ஒரு பழைய பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) வாங்குங்கள், அதற்கு ஆர்எஃப் 100-400 போடுங்கள். 2021-இல் வந்த லென்ஸ், எடை 635 கிராம்தான், ஸ்டெபிலைசர் உண்டு. 400 எஃப் 5.6 வந்தது 1993-இல். அவ்வளவு பழைய டிசைனுக்கு 48,000 கொடுக்க எனக்கு மனசு வராது. ஆர்எஃப் லென்ஸ் 80டி-யில் மாட்டாது, அதனால் பாடியையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

உள்ளான் எழுதியது:

டீச்சர், நான் நாகர்கோவில். கல்யாண வேலைக்கு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். சுசீந்திரம், தேரூர் குளங்களில் பல வருஷமாக நான் பறவை எடுப்பது இதே 400 எஃப் 5.6-ல்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஸ்டெபிலைசர். அது நம் கை ஆடுவதைத்தான் சரிசெய்யும், பறவை அசைவதை அதனால் நிறுத்த முடியாது. பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகத்தை 1/1600 நொடிக்குக் குறையாமல் வைப்பீர்கள். அந்த வேகத்தில் கை ஆட்டம் படத்தில் தெரியாது. இல்லாத குறை தெரிவது விடியற்காலையிலும் மேகமூட்டத்திலும், கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவையை எடுக்கும்போது. அதற்கு ஒரு மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) போதும். கரையில் உட்கார்ந்து எடுப்பதென்றால் அரிசி நிரப்பிய ஒரு துணிப்பையே போதும். கழுவேலி திறந்த வெளி, வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. உங்கள் 80டி-யின் சென்சார் சின்னது என்பதால் அதில் 400 போட்டால் 640-க்குச் சமமான நெருக்கம் கிடைக்கும். எடை 1.25 கிலோ, நாள் முழுக்கக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். குறை என்றால் ஒன்றைச் சொல்வேன்: 3.5 மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. பட்டாம்பூச்சி, தும்பி எடுக்கும் ஆசை இருந்தால் இது சரிப்படாது. பழைய 100-400 என்றால் 1.8 மீட்டர் வரை கிட்டே போகலாம்.

கரையோரன் சொன்ன ஆர்எஃப் லென்ஸ் நல்ல லென்ஸ்தான். ஆனால் 400-ல் அது எஃப் 8, அதாவது 5.6-ஐ விட வெளிச்சம் பாதிதான் உள்ளே வரும். ஆறு மணி வெளிச்சத்தில் அந்த ஒரு ஸ்டாப் வலிக்கும். பட்ஜெட்டும் பாடியோடு சேர்த்துத் தாண்டிவிடும். பின்னாளில் ஆர் பாடிக்கு மாறினாலும் ஒரு அடாப்டர் போட்டு இந்த 400-ஐ அப்படியே பயன்படுத்தலாம், ஆட்டோஃபோகஸ் நன்றாகவே வேலை செய்யும். காசு வீணாகாது.

இனி விலை. விளம்பரத்தில் போட்டிருப்பது இன்னும் யாரும் ஒத்துக்கொள்ளாத விலை. போட்டோகிராபி குழுக்களில் "விற்றுவிட்டது" என்று குறித்த பழைய பதிவுகளைத் தேடுங்கள், முடிந்தால் விற்றவரிடமே எவ்வளவுக்குப் போனது என்று தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் சொல்வார்கள். அப்புறம் நான் எனக்குள் கேட்டுக்கொள்வது, இரண்டு வருஷம் கழித்து இதை நானே விற்றால் என்ன வரும் என்பது. 2018-இல் கேனன் ஆர் வந்த பிறகு இஎஃப் லென்ஸ்கள் ஒவ்வொன்றாகச் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. விலை இறங்கும் திசையில்தான் இருக்கிறது. ஆகவே இன்றைய விலைக்கும் நாளை நீங்கள் விற்கப்போகும் விலைக்கும் நடுவில் உள்ள தொகைதான் இந்த லென்ஸுக்கு நீங்கள் உண்மையில் கொடுக்கும் வாடகை. அது உறுத்தாத அளவில் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், எல்லாம் சுத்தமாக இருந்தால் 44,000 வரை போகலாம். 48,000 வேண்டாம்.

நேரில் பார்க்கும்போது உங்கள் கேமராவையும் ஒரு லேப்டாப்பையும் கொண்டு போங்கள். காலை ஒன்பதுக்குள் போவது நல்லது. வெயில் ஏறிய பிறகு தூரத்தில் எதை எடுத்தாலும் கானல் அலைதான் பதியும். அதைப் பார்த்து லென்ஸ் மோசம் என்று முடிவு கட்டக் கூடாது.

முன்னால் யூவி ஃபில்டர் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். மலிவான ஃபில்டர் படத்தை மழுங்கடிக்கும், கண்ணாடியில் உள்ள கீறலையும் மறைத்துவிடும். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகச் சாய்வாகப் பாருங்கள். தூசிப் புள்ளிகள் கட்டாயம் இருக்கும், பதினைந்து வருஷ லென்ஸில் இல்லாவிட்டால்தான் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் வரும். தூசிக்காக ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்க வேண்டாம், அது படத்தில் வராது. தேட வேண்டியது ஃபங்கஸ் என்னும் பூஞ்சை. சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் கிளை கிளையாக ஓடும். புதுச்சேரி கடல் காற்றில், பீரோவுக்குள் பையோடு மூடி வைத்த லென்ஸில் அது வருவது சகஜம். "கிளீன் பண்ணிக்கலாம்" என்பார்கள். பூஞ்சையைத் துடைக்கலாம், அது கண்ணாடியின் கோட்டிங்கை அரித்த தடம் போகாது. வலை தெரிந்தால் பத்தாயிரம் குறைத்தாலும் வாங்காதீர்கள். இதில் மட்டும் பேரம் பேசவே கூடாது என்பது என் கட்சி.

மவுண்ட் (கேமராவில் மாட்டும் முனை) பக்கம் ஸ்க்ரூ தலைகளைப் பாருங்கள், கீறல் இருந்தால் பிரித்திருக்கிறார்கள். முன் வளையத்தில் நசுங்கல் இருந்தால் கீழே விழுந்திருக்கிறது. வெள்ளைப் பெயின்ட் உதிர்ந்திருப்பது ஒரு குறையே இல்லை. பின்பக்கம் கறுப்பு மவுண்டில் சின்னதாக ஒரு குறியீடு அச்சடித்திருக்கும். உதாரணத்துக்கு யுடபிள்யூ0907 என்றால் யு உட்சுனோமியா தொழிற்சாலை, டபிள்யூ 2008, அடுத்த இரண்டு எண் மாதம், அதாவது செப்டம்பர். எக்ஸ் என்றால் 2009, ஒய் 2010, இசட் 2011. விற்பவர் சொல்லும் கதையும் இதுவும் ஒத்துப்போகிறதா பாருங்கள். பழசு என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டாம். மோட்டார் போனால் உதிரி பாகம் கிடைப்பது சிரமம், ஆகவே ஃபோகஸ் ஓடும்போது கீச்சென்று சத்தமோ தயக்கமோ இருக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஃபோகஸ் வளையத்தைக் கையால் சுற்றினால் மணல் அரைபடுவது போல இருக்கக் கூடாது.

முக்கியமான சோதனை இதுதான். பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி எழுத்துள்ள ஒரு பலகையை, கேமராவை அசையாமல் வைத்து, எஃப் 5.6-ல் வ்யூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் செய்து எடுங்கள். அதையே லைவ் வியூவில், அதாவது பின்திரையில் பார்த்து, ஃபோகஸ் செய்து எடுங்கள். லைவ் வியூ படம் கூர்மையாக இருந்து மற்றது மழுங்கியிருந்தால் கவலையே இல்லை. 80டி-யில் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் (ஃபோகஸைச் சற்று முன்பின் நகர்த்தும் அமைப்பு) இருக்கிறது, நாமே சரிசெய்யலாம். இரண்டும் மழுங்கியிருந்தால் லென்ஸிலேயே கோளாறு, எழுந்து வந்துவிடுங்கள். பிறகு அதே பலகையைப் படத்தின் நான்கு மூலைக்கும் கொண்டுபோய், ஒவ்வொரு தடவையும் புதிதாக லைவ் வியூவில் ஃபோகஸ் செய்து எடுங்கள். ஒரு மூலை மட்டும் மோசமாக வந்தால் உள்ளே கண்ணாடி இடம் மாறியிருக்கிறது.

ட்ரைபாட் காலர் (லென்ஸை முக்காலியில் பொருத்தும் வளையம்), மூடிகள் இருக்கின்றனவா? இந்த லென்ஸில் வெளிச்சம் மறைக்கும் ஹூட் கூடவே ஒட்டியிருக்கும், வெளியே இழுத்துத் திருகினால் பூட்டிக்கொள்ள வேண்டும். காலர் இல்லையென்றால் அதைத் தனியாக வாங்க ஆகும் காசைக் கழித்துக் கேளுங்கள். அது நியாயமான பேரம், யாரும் கோபப்பட மாட்டார்கள்.

மணல்தேரி எழுதியது:

உள்ளான் சார் லென்ஸைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் அந்தச் சென்னை ஆளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பணம் அனுப்பாதீர்கள். நேரில் காட்ட மறுப்பது, சின்ன முன்பணம் கேட்பது, சந்தைக்குக் குறைவாக விலை சொல்வது, மூன்றும் ஒன்றாக வந்தால் அங்கே லென்ஸே இல்லை என்று எடுத்துக்கொள்வேன். சிலர் தங்களை ராணுவத்தில் இருப்பதாகவும் மாற்றல் வந்துவிட்டதாகவும் சொல்லி அடையாள அட்டைப் படம்கூட அனுப்புவார்கள். அந்த அட்டையை நம்பக் கூடாது. உண்மையிலேயே வைத்திருக்கிறாரா என்று பார்க்க, இன்றைய செய்தித்தாளுக்குப் பக்கத்தில் லென்ஸை வைத்து சீரியல் எண் தெரிய ஒரு வீடியோ கேளுங்கள். நழுவினால் விட்டுவிடலாம்.

பின்னாளில் நீங்கள் எதையாவது விற்கும்போதும் இது உதவும்: யுபிஐ-யில் நமக்குப் பணம் வர, பின் என்ற ரகசிய எண்ணைப் போடவே தேவையில்லை. "இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்" என்று யார் சொன்னாலும் அது உங்கள் கணக்கிலிருந்து எடுப்பதற்குத்தான்.

புதுச்சேரிக்காரரிடம் வாங்கினால், ஒரு வெள்ளைத் தாளில் சீரியல் எண், தொகை, தேதி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பில் இல்லாத பொருளுக்கு அதுதான் பாதுகாப்பு.

தாழைக்கோழி எழுதியது:

மூவருக்கும் ரொம்ப நன்றி. சென்னைக்காரரிடம் வீடியோ கேட்டேன். அதோடு அவர் பேச்சு நின்றுவிட்டது, விளம்பரத்தையும் காணோம்.

சனிக்கிழமை காலையிலேயே வீட்டுக்காரரோடு புதுச்சேரி போனேன். விற்பவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ரொம்பத் தன்மையாகப் பேசினார். குறியீடு யுஎக்ஸ்11 என்று தொடங்கியது. 2009 நவம்பர், ஆகவே அவர் சொன்ன 2010 பொருந்தியது. டார்ச் அடித்துப் பார்த்தேன். தூசி நிறைய, வலை எதுவும் இல்லை. காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வைத்திருந்தார், அதைப் பார்த்ததும் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பெயர்ப்பலகையை வைத்துச் சோதித்தேன். வ்யூஃபைண்டரில் எடுத்தது மழுங்கல், லைவ் வியூவில் எழுத்தின் ஓரம்கூடத் துல்லியம். நீங்கள் எழுதியிருக்காவிட்டால் அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். நான்கு மூலையும் ஒரே மாதிரி வந்தன. ஆனால் காலர் இல்லை, ஹூட் பூட்டாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது.

இரண்டையும் காட்டி 41,000 கேட்டேன். அவர் 43,000 என்றார், 42,000-க்கு முடிந்தது. தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்டில் +7 வைத்ததும் வ்யூஃபைண்டர் படமும் லைவ் வியூவுக்குச் சமமாக வருகிறது.

ஒரு சந்தேகம். மீதிப் பணத்துக்குப் பழைய 1.4 எக்ஸ்டெண்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி நெருக்கத்தைக் கூட்டுவது) ஒன்று வாங்கிப் போடலாமா?

உள்ளான் எழுதியது:

நல்ல விலை, டீச்சர். எக்ஸ்டெண்டர் இப்போது வேண்டாம். போட்டால் எஃப் 8 ஆகிவிடும், 80டி-யில் இந்த லென்ஸுக்கு நடுப்புள்ளி ஒன்றில்தான் ஆட்டோஃபோகஸ் கிடைக்கும், அதுவும் மெதுவாக. பறக்கும் பருந்தை அதில் பிடிப்பது கஷ்டம். அந்தக் காசுக்குக் காலரும் மோனோபாடும் வாங்குங்கள். ஹூட் வழுக்குவதற்கு உள்குழாயைச் சுற்றி மெல்லிய ஃபெல்ட் பட்டை ஒன்று ஒட்டினால் நின்றுகொள்ளும், நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். டப்பாவில் ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும் போட்டு வையுங்கள். 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். 60 தாண்டினால் சிலிகா ஜெல்லைச் சூடாக்கி உலர்த்திவிட்டுத் திரும்பப் போடுங்கள்.