லங்காவியில் தீபாவளிச் சாமான் வாங்கினால் உண்மையில் மிச்சமாகுமா?

ஈப்போ மகள் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பள்ளி விடுமுறையில் முதல் தடவையாக லங்காவிக்குப் போகிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். வெள்ளிக்கிழமை மத்தியானம் பினாங்கில் இருந்து விமானம், ஞாயிறு காலையில் திரும்புவதாகத் திட்டம். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. தங்குவது பந்தாய் செனாங்கில்.

தீபாவளிக்கு உறவுக்காரப் பிள்ளைகளுக்குச் சாக்லெட், வீட்டுக்குக் கண்ணாடி மங்கு (கிண்ணம்) இரண்டு செட், மாமியாருக்கு பாத்தேக் என்கிற சாயத் துணி. கையில் 600 வெள்ளிதான் (ரிங்கிட்) வைத்திருக்கிறேன். வரி இல்லாத தீவு என்பதால் எல்லாமே மலிவு என்கிறார்கள். உண்மையா?

சுங்கைப்பட்டாணி அக்கா:

தங்கச்சி, எங்கள் வீட்டில் இருந்து லங்காவி பக்கம். வருடத்துக்கு ஒரு தடவையாவது போய்விடுவேன், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் பயணத் தேதியை மாற்றுங்கள். 1987ல் இருந்து லங்காவி வரிவிலக்குத் தீவு. ஆனால் அந்த விலக்கோடு சாமானை வெளியே கொண்டுபோக வேண்டும் என்றால், தீவில் குறைந்தது 48 மணி நேரம் தங்கியிருக்க வேண்டும். வெள்ளி மத்தியானம் இறங்கி ஞாயிறு காலை கிளம்பினால் அது நிறையாது. ஞாயிறு மாலைக்குத் தள்ளிப் போடுங்கள். போன டிக்கெட்டையும் கடை ரசீதுகளையும் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் வைத்துக்கொள்ளுங்கள், சுங்கத்தில் கேட்டால் காட்டலாம்.

அடுத்தது விமானம். கையில் கொண்டுபோக மலிவு விமானத்தில் 7 கிலோதான் விடுவார்கள். இரண்டு செட் கண்ணாடி மங்கும் சாக்லெட்டும் சேர்ந்தால் அது எங்கே போதும்? பெட்டி எடைக்குக் கட்டும் பணத்தில் மங்கில் மிச்சம் பிடித்தது போய்விடும். பினாங்கு விமான நிலையம் வரைக்கும் எப்படியும் காரில்தானே வருவீர்கள்? அப்படியே இன்னும் கொஞ்சம் வடக்கே ஓட்டி, அலோர் ஸ்டார் தாண்டி கோல கெடா படகுத்துறைக்கு வந்துவிடுங்கள். அங்கிருந்து பெர்ரியில் லங்காவியின் குவா நகரம் வரை ஒன்றே முக்கால் மணி நேரம். ஐந்து பேருக்கு விமான டிக்கெட்டையும் பெர்ரி டிக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எனக்கு மிச்சமானதில் பெரும்பங்கு இந்தக் கணக்கில்தான் வந்தது.

எல்லாமே மலிவு என்பது சரியில்லை. பொதுவாக நம் மலேசியாவில் சாமான்களுக்கு விற்பனை வரி 5 அல்லது 10 விழுக்காடு. இறக்குமதிச் சாமான் என்றால் சிலவற்றுக்கு அதற்கு மேல் சுங்க வரியும் உண்டு. வரி இல்லை என்றால் அந்த அளவுதான் குறையும். "பாதி விலை" என்று பலகை மாட்டியிருந்தால் அந்தக் குறைப்பு வரியால் வந்தது இல்லை, வேறு காரணம் இருக்கும். சாக்லெட்டில் அந்தக் காரணம் பெரும்பாலும் காலாவதித் தேதி. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று அடுக்கியிருப்பதைத் திருப்பித் தேதியைப் பாருங்கள். நீங்கள் தீபாவளி வரை வைக்கப் போகிறீர்கள்.

பாக்கெட் பெரிதாக இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். எடையைப் பாருங்கள். 400 கிராம் 20 வெள்ளி என்றால் 100 கிராம் 5 வெள்ளி. கிளம்பும் முன் ஈப்போவில் பேரங்காடிக்குப் போய், வாங்க நினைக்கிற நாலைந்து சாக்லெட்டின் 100 கிராம் விலையை எழுதிக்கொண்டு வாருங்கள், மங்கு செட்டின் விலையையும் சேர்த்து. அந்தத் துண்டுச் சீட்டு இல்லாமல் நான் கடைக்குள் போவதே இல்லை.

ஒரு வருடம் சாக்லெட்டை முதல் நாளே வாங்கி, வாடகைக் காரில் வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கடலில் குளிக்கவிட்டேன். இரண்டு மணி நேர வெயிலில் அத்தனையும் உருகி, ஆறினபோது வெள்ளை பூத்துப் போயிற்று. பெரியக்கா வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று பார்த்துப் பார்த்து எடுத்தது, கொடுக்க முடியவில்லை. மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. சாக்லெட்டைக் கடைசி நாள் வாங்குங்கள்.

குவா தம்பி:

நான் குவாவில் ஹோட்டல் சமையலறையில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். அக்கா சொன்னது சரி. மங்கு, சட்டி எல்லாம் செனாங்கில் தேடாதீர்கள், குவாவில்தான் கடைகள் அதிகம், விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சனிக்கிழமை குவாவுக்கு வாருங்கள். அன்று இங்கேயே பாசார் மாலாம் (இரவுச் சந்தை) இருக்கும். புதன், சனி குவாவில், வியாழன் செனாங் பக்கம் போஹோர் தெம்போயாக்கில், ஞாயிறு பாடாங் மட்சிராட்டில். மங்கு வாங்கிவிட்டு, மாலை ஐந்து மணிக்கு மேல் சந்தையில் சோறு, மீன், பலகாரம் வாங்கினால் ஐந்து பேர் சாப்பாட்டுக்குக் கடற்கரைக் கடையில் கொடுக்கிற பணம் ஆகாது.

காமாட் (கடல் அட்டை) எண்ணெய் வாங்கச் சொல்லி யாராவது கேட்டிருந்தால், பாட்டிலில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் சுகாதார அமைச்சின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் ஒட்டாத பாட்டில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஈப்போ மகள்:

அக்கா, தம்பி, ரொம்ப நன்றி. பெர்ரிக்கே மாறிவிட்டோம், திரும்புவது ஞாயிறு மாலை. மாமியாரின் பாத்தேக் துணிக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்கள்.

சுங்கைப்பட்டாணி அக்கா:

பாத்தேக்கில் வரியைப் பார்த்துப் பயனில்லை, கைவேலைக்குத்தான் விலை. துணியைத் திருப்பிப் பாருங்கள். மெழுகு வைத்துச் சாயம் போட்டது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நிறமாக இருக்கும். அச்சடித்தது பின்பக்கம் வெளுத்திருக்கும். அச்சடித்ததற்குக் கைவேலை விலை கேட்டால் நகர்ந்துவிடுங்கள். நேரம் இருந்தால் தெலுக் யூவில் உள்ள கைவினை வளாகத்துக்கு மாமியாரை அழைத்துப் போங்கள், நிதானமாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்.

அப்புறம், வீட்டில் இருந்து பழைய துண்டு நாலைந்து எடுத்து வாருங்கள். மங்கு ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள். படகுத்துறையில் பெட்டிகளை மெதுவாக வைக்க மாட்டார்கள்.