பெட்ரோலில் எத்தனால்: நெட் ஜீரோவுக்கு உதவுமா?

ஆலைக்கரும்பு: 2070-இல் நெட் ஜீரோ, அதாவது வெளிவிடும் பசுமைக்குடில் வாயு முழுவதையும் ஈடுகட்டிவிடுவோம் என்று 2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் இந்தியா அறிவித்தது. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்ற 2030 இலக்கை முன்னுக்கு இழுத்து 2025-லேயே தொட்டாயிற்று. எத்தனால் கரும்பிலிருந்து வடிக்கும் ஆல்கஹால்தானே. கரும்பு காற்றிலிருந்து எடுத்த கார்பன்தான் எஞ்சினில் எரிந்து திரும்பப் போகிறது. இதில் என்ன குறை கண்டீர்கள்?

பண்ணைக்காரன், நாமக்கல்: கரும்புக்கு யூரியா போடுவதில்லையா அண்ணே? அது இயற்கை எரிவாயுவில் தயாராகிறது. வயலில் போட்டதில் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாகக் கிளம்பும். கரியமில வாயுவைவிட அது சுமார் 270 மடங்கு சூடேற்றும். அப்புறம், எத்தனாலுக்கு இப்போது மக்காச்சோளம்தான் பெரிதாகப் போகிறது. ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024-இல் இறக்குமதி செய்தது. கோழித் தீவனத்தில் பாதிக்குமேல் மக்காச்சோளம்தான். நாங்கள் எங்கே போக?

ஆலைக்கரும்பு: மக்காச்சோளத்தில் எத்தனால் வடித்தபின் மிஞ்சும் சக்கை தீவனமாகத்தானே திரும்பி வருகிறது?

பண்ணைக்காரன், நாமக்கல்: வருகிறது. மாவுச்சத்து போய்விடுவதால் சோளத்தில் இருந்த பூஞ்சை நஞ்சு அதில் மூன்று மடங்காகிவிடும். போன லோடு கருகல் வாடை. முட்டை குறைந்தது எனக்குத்தான்.

பாய்லர் ரிட்டயர்டு: இரண்டு பேரும் எத்தனாலையே பிடித்துத் தொங்குகிறீர்கள். சர்க்கரை ஆலை பாய்லரில் வேலை பார்த்தவன் நான். ஒரு டன் கரும்பு அரைத்தால் கால் டன்னுக்கு மேல் சக்கை. அதில் பாதி ஈரம். அதை எரித்து வரும் நீராவி முதலில் டர்பைனைச் சுற்றும், பிறகு சாறு காய்ச்சப் போகும். மிச்ச மின்சாரம் வெளியே. இதுதான் ஒழுங்கான உயிரி எரிசக்தி. ஆனால் அரவை முடிந்ததும் பல ஆலைகளில் அதே பாய்லருக்கு நிலக்கரி லாரி வரும், அதை யாரும் பேசுவதில்லை.

காருக்கென்றே பயிர் வைப்பதுதான் வீண். இலை வெயிலில் ஒரு சதவீதத்தைப் பிடித்தால் அதிகம். சோலார் தகடு இருபது பிடிக்கும்.

ஆலைக்கரும்பு: விமானத்தைச் சோலாரில் ஓட்டுவீர்களா சார்?

பாய்லர் ரிட்டயர்டு: மாட்டேன். விமானத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டருக்கு எதற்கு?

பண்ணைக்காரன், நாமக்கல்: சார் சொல்வது சரி. கரும்புச் சக்கையை எரியுங்கள், மக்காச்சோளத்தை விட்டுவிடுங்கள்.

ஆலைக்கரும்பு: நான் போடுவது கரும்பு. பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான் சோளம். போன வருட விலையில் போர் போட்ட கடனை அடைத்தார். அவரிடம் நீங்களே வந்து சொல்லுங்கள் தம்பி.