மறு: எம்பயர் ஸ்டைல் – 'ஏகாதிபத்தியப் பாணி' வேண்டாமே

> எம்பயர் என்றால் ஏகாதிபத்தியம்தானே? ஏகாதிபத்தியப் பாணி என்றே எழுதிவிடலாம்.

ஐயா, வணக்கம். எம்பயர் ஸ்டைல் என்ற பிரெஞ்சு அறைகலன், உடைப் பாணிக்குத் தமிழ்ப்பெயராக நீங்கள் சொன்னதைப் பார்த்தேன். ஏகாதிபத்தியம் என்றதும் எனக்கு மேடைப் பேச்சுதான் காதில் விழுகிறது. 'ஒழிக' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. இங்கே எம்பயர் என்பது கொள்கை அல்ல, ஓர் ஆட்சியின் பெயர். 1804 டிசம்பரில் பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தில் நெப்போலியன் முடிசூடிக்கொண்டாரே, அந்தப் பேரரசு.

புது அரசர், பரம்பரை கிடையாது. பழைய மன்னர்களின் அல்லிப்பூச் சின்னத்தை எடுத்துக்கொள்ளவும் முடியாது. அதனால் சின்னமாகத் தேனீயைப் பிடித்தார்கள். சில்டெரிக் என்ற ஆதி ஃபிராங்க் அரசனின் கல்லறை 1653இல் (இன்றைய பெல்ஜியத்தின்) தூர்னேயில் அகப்பட்டபோது கிடைத்த பொன் தேனீக்கள்தான் மாதிரி. முடிசூட்டு அங்கியின் சிவப்பு வெல்வெட் முழுக்கப் பொன்னிழைத் தேனீக்கள். விழாவை வரைந்த ஜாக் லூயி தாவீத், விழாவுக்கே வராத நெப்போலியனின் தாயாரைப் படத்தில் நடுநாயகமாக உட்கார வைத்துவிட்டார். கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலப் படம், இடத்துக்கா பஞ்சம்!

ஆகவே 'பேரரசுப் பாணி' என்பதே என் விருப்பம். ஆனால் 'பேரரசுப் பாணி நாற்காலி' என்றால் நம் வாசகர், சோழரா ரோமரா என்று கேட்பார். போதாக்குறைக்கு, மூன்றாம் நெப்போலியனின் இரண்டாம் பேரரசு வேறு பின்னால் வருகிறது. 'முதற்பேரரசுப் பாணி' என்றால் குழப்பம் தீரும். ரஷ்யர்கள் பேரரசை 'இம்பேரியா' என்றும், பாணியை மட்டும் பிரெஞ்சு ஒலிப்படி 'அம்பீர்' என்றும் பிரித்துவிட்டார்கள். நமக்கு அது சரிவராது. கம்பீரத்தில் 'க' விட்டுப்போச்சு என்று நினைப்பார்கள்.

அப்புறம், 'எம்பயர் வெய்ஸ்ட்'. இதில் பேரரசே வேண்டாம் என்பேன். மார்புக்குச் சற்றுக் கீழேயே இடையை வைத்துத் தைக்கும் கவுன் 1790களிலேயே வந்துவிட்டது. கிரேக்கச் சிலைகளைப் பார்த்து மெல்லிய வெள்ளை மஸ்லினில் தைத்தார்கள். அப்போது நடந்தது குடியரசு! பேரரசர் வந்து, பிரான்சின் பட்டு நகரமான லியோனின் தறிகளுக்கு வேலை வேண்டும் என்பதற்காக அரசவையைப் பட்டுக்கும் வெல்வெட்டுக்கும் திருப்பினார். தரையில் புரளும் நீள்வால் அங்கியும் சேர்ந்துகொண்டது. துணி மாறியது, இடை அங்கேயேதான் இருந்தது. 'கச்சிடை' எப்படி? கச்சு கட்டும் இடத்தில் இடை.

---

> 'கச்சிடை' எப்படி?

தம்பி, முதற்பேரரசுப் பாணி சரி. கச்சிடைதான் இடிக்கிறது. கச்சு மார்புக்கு, கச்சை இடுப்புக்கு. 'கச்சை கட்டிக்கொண்டு' என்று எழுதிப் பழகியவர்கள் இதைச் சாதாரண இடுப்பு என்றே படிப்பார்கள். 'மார்படி இடை' யோசித்தேன். சொன்னால் மார்பில் அடிப்பதுபோல் இருக்கிறது. 'ஏறிடை' என்றால் என்ன? மேலே ஏறிய இடை. வினைத்தொகை, புணர்ச்சியும் சுலபம். 'ஏறிடைக் கவுன்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.