ஜொஹானி ஒன்னு கருக்குது, ஒன்னு வெளுக்குது: மருந்து ஊத்தலாமா?

பெரம்பூர் டேங்க்:
எல்லாருக்கும் வணக்கம். 3 அடி டேங்க்ல ஜொஹானி மட்டும் வளர்க்கிறேன், ஆப்பிரிக்காவோட மலாவி ஏரி சிக்லிட் மீன் வகை. கொளத்தூர்ல குஞ்சா வாங்கினப்ப எல்லாமே ஒரே மஞ்சள். இப்ப பெருசா இருக்கிற ஒன்னு உடம்பெல்லாம் கருத்து, பக்கவாட்டுல நீலக் கோடு விழுந்திருக்கு. ஆனா நல்லா சாப்பிடுது. இன்னொன்னு மஞ்சள் மங்கி, அங்கங்க கருமை தட்டி, ஃபில்டர் பைப் பின்னாடி மேலேயே ஒண்டிக்கிட்டு நிக்குது. வால் ஓரம் கிழிஞ்சிருக்கு, தீனிக்கும் வரல. வீட்ல மெத்திலீன் ப்ளூ ஊத்தச் சொல்றாங்க. ஆசையா வளர்த்தது, போயிடுமோன்னு பயமா இருக்கு. யாராவது சொல்லுங்க.

வியாசர்பாடி சிக்லிட்:
ப்ரோ, மருந்தை மூடி வைங்க. மெத்திலீன் ப்ளூவை மெயின் டேங்க்ல ஊத்தினா ஃபில்டர்ல மீன் கழிவோட அமோனியாவைச் சிதைக்கிற நல்ல பாக்டீரியா செத்துடும், அப்புறம் இருக்கிற மீனுக்கும் ஆபத்து.
கருத்தது நோய் இல்ல. ஜொஹானி குஞ்சுல எல்லாமே மஞ்சள்தான். பொண்ணு மஞ்சளாவே இருக்கும், ஆண் வளர வளர கருநீலமா மாறி நீலக் கோடு போடும். டேங்க்ல இப்ப அதான் ராஜா.
வெளுத்ததோட தாடை உப்பியிருக்கான்னு பாருங்க. வாயில முட்டை வச்சிருக்கிற பொண்ணும் மூணு வாரம் கிட்ட சாப்பிடாம ஒதுங்கி நிக்கும்.

தண்டையார்பேட்டை:
தாடை உப்பலன்னா அது ரெண்டாவது ஆணா இருக்கும் தம்பி. நிறம் மாற ஆரம்பிச்சிருக்கும், பெருசு துரத்தினதும் அடங்கியிருக்கும். சிக்லிட்டுக்கு நிறம்தான் பேச்சு. தோல்ல இருக்கிற கருப்பு நிறமிச் செல்லுக்குள்ள நிறமி பரவினா மீன் கருக்கும், நடுவுல சுருங்கினா வெளுக்கும். சண்டையில தோத்தா நிமிஷத்துல மாறிடும்.
ஆனா நிறத்தை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. காலைல லைட் போட்டதும் எந்த மீனும் வெளுத்துத்தான் தெரியும், வெள்ளை மணல் போட்டாலும் அப்படித்தான். ஒதுங்கி நிக்கிறதும் கிழிஞ்ச வாலும்தான் எனக்குக் கவலை. முதல்ல அமோனியா, பிஎச் (தண்ணியோட அமில-காரத் தன்மை) டெஸ்ட் பண்ணுங்க. மலாவி மீனுக்கு பிஎச் 8 பக்கம் வேணும், ஆனா அங்கதான் அமோனியாவோட விஷமும் ஏறும். பிஎச் 7-ல இருக்கிறதை விட 8-ல கிட்டத்தட்ட பத்து மடங்கு.

பெரம்பூர் டேங்க்:
அண்ணா, தாடை உப்பல. பிஎச் 8.2, அமோனியா 0.5 காட்டுது. போன வாரம்தான் ஃபில்டர் ஸ்பாஞ்சை மெட்ரோ வாட்டர் குழாயிலயே பிழிஞ்சு கழுவினாங்க.

தண்டையார்பேட்டை:
அப்ப பிடி கிடைச்சிடுச்சு. குழாய்த் தண்ணியில இருக்கிற குளோரின் பட்டு ஸ்பாஞ்சுல இருந்த பாக்டீரியா போயிருக்கு, அதான் அமோனியா ஏறியிருக்கு. மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்துங்க, புதுத் தண்ணிக்கு ஆன்டி குளோரின் கட்டாயம், சூடும் பழைய தண்ணி அளவுக்கே இருக்கட்டும். ரெண்டு நாள் தீனி வேணாம், ஏர் பம்ப் நிக்காம ஓடட்டும். பிஎச்சைக் குறைக்க எதையும் போட்டுடாதீங்க, திடீர்னு இறங்கினா மீன் தாங்காது.

வியாசர்பாடி சிக்லிட்:
கூடவே பெருசைப் பிடிச்சு கொஞ்ச நாள் தடுப்புக்குள்ள வைங்க, அடிபட்டதை இல்ல. கல்லெல்லாம் இடம் மாத்தி அடுக்குங்க, அது பிடிச்சு வச்ச எல்லை கலைஞ்சிடும். ஆனாலும் 3 அடியில ரெண்டு ஆண் நிலைக்காது ப்ரோ. சின்னது தேறினதும் கடையில கொடுத்துட்டு ரெண்டு பொண்ணா மாத்திக்கோங்க.

தண்டையார்பேட்டை:
ஸ்பாஞ்சை இனிமே டேங்க்ல இருந்து எடுத்த தண்ணியிலயே அலசுங்க தம்பி. நாளைக்கு மறுபடி டெஸ்ட் பண்ணி அளவை இங்கயே போடுங்க, குறையலன்னா இன்னொரு தடவை தண்ணி மாத்தணும்.