குழாய் போன வழியே பூச்சு வெடிக்கிறது, மீதி அறைகளைப் பூசலாமா?

விசுவமடு வீட்டுக்காரன்:
வணக்கம். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த சின்ன வீட்டோடு சேர்த்து இரண்டு அறையும் ஒரு குசினியும் கட்டுகிறேன். ஆறங்குலச் சீமெந்துக்கல். கூரை போட்டாயிற்று, வயரிங் குழாய்களும் பதித்தாயிற்று. போன கிழமை முன் அறையைப் பூசினோம். மூன்றாம் நாளே சுவிட்ச் பெட்டியிலிருந்து மேலே, மட்டக்கோல் வைத்துக் கீறினது போல ஒரு வெடிப்பு. குழாய் போன அதே வழி. மற்றச் சுவரில் குழாயே இல்லை, அதிலும் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெடிப்புகள். மேசன் 'பெயின்ற் அடிக்க மறைந்துவிடும்' என்கிறார். வயரிங் செய்த தம்பி 'கலவை பிழை' என்கிறார். மீதிக்கு மணல் பறித்தாயிற்று. பூசவா, நிறுத்தவா?

பழைய மேசன்:
நிறுத்துங்கள் தம்பி. இரண்டும் ஒரே வெடிப்பு இல்லை. விரல் மொளியால் இரண்டு இடத்தையும் தட்டிப் பாருங்கள். குழாயைப் பதித்த வெட்டை முதலில் தனியாக அடைத்தார்களா? எத்தனை மணிக்குப் பூசினீர்கள்? எத்தனை நாள் நனைத்தீர்கள்?

விசுவமடு வீட்டுக்காரன்:
தட்டினேன் அண்ணை. குழாய் வழியில் ஒரு சாண் அகலத்துக்கு 'டொக் டொக்' என்று வெறுஞ்சத்தம். வலை வெடிப்பில் அப்படி இல்லை. வெட்டைத் தனியாக அடைக்கவில்லை, பூச்சோடு சேர்த்துத்தான் மூடினார்கள். பூசினது மத்தியானம். யன்னல் இன்னும் போடவில்லை, சோளகக் காற்று நேரே உள்ளே அடிக்கிறது. கிணறு வற்றி வருவதால் இரண்டு நாள்தான் நனைத்தோம்.

பழைய மேசன்:
சரி, விளங்கிவிட்டது. பிளாஸ்டிக் குழாயில் சீமெந்து ஒட்டாது. குழாய் சுவர் முகத்தோடு மட்டமாக நின்றால் அதன் மேல் வருகிற அரை அங்குலப் பூச்சு பிடிமானம் இல்லாமல் நிற்கும். வெடிக்காமல் என்ன செய்யும்? குழாய் அரை அங்குலமாவது உள்ளே போக வேண்டும். வெட்டைக் கலவையால் இறுக்கி அடைத்து, ஒரு நாள் விட்டு, ஒரு சாண் அகலக் கோழிக்கம்பி வலையை ஆணி அடித்து, பிறகுதான் பூச்சு. வெறுஞ்சத்தம் கேட்கிற இடம் முழுக்க உடைத்துத் திருத்துங்கள். பெயின்ற் அதை மறைக்காது.

வலை வெடிப்பு காற்றும் வெயிலும் செய்த வேலை. காய்ந்த கல் கலவையில் இருக்கிற தண்ணீரைக் குடித்துவிடும், மிச்சத்தைச் சோளகம் கொண்டுபோகும். முதல் நாள் பின்னேரமே சுவரை நனையுங்கள். விடியத் தொடங்குங்கள். யன்னல் வாசலுக்குப் படங்கு கட்டுங்கள். ஏழு நாள் ஈரம் காயக் கூடாது. ஒரு பங்கு சீமெந்துக்கு ஐந்து பங்கு மணல் கலவை போதும். பலம் என்று சீமெந்தைக் கூடப் போட்டால் இன்னும் வெடிக்கும், இதை எங்கள் ஆட்களே நம்ப மாட்டார்கள்.

பரந்தன் வயர்மன்:
அண்ணை சொன்னது சரி. ஆனால் உடைக்கும்போது உளி குழாய்க்குள் இறங்கும், கவனம். வயர் இழுத்திருந்தால் கரண்டை நிறுத்திவிட்டு உடையுங்கள். பூசாத அறைகளில் ஒவ்வொரு குழாய்க்குள்ளும் வயர் இழுக்கிற இழுகம்பியை இப்போதே ஓட்டி, அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள், பெட்டி வாய்களைக் கடதாசியால் அடையுங்கள். சுவரில் அளவு நாடாவை வைத்துப் படமும் எடுத்து வையுங்கள். பிறகு ஆணி அடிக்கிற நாளில் என்னை நினைப்பீர்கள். கிடையாக வெட்டியிருந்தால் ஆழம் எவ்வளவு? ஆறங்குலச் சுவரில் கிடை வெட்டு ஒரு அங்குலத்தைத் தாண்டக் கூடாது, மேலிருந்து கீழே போகிற வெட்டு இரண்டு அங்குலம் வரை போகலாம்.

கேட்காததையும் சொல்கிறேன். எர்த் கம்பியைக் குளிக்கிற தண்ணீர் ஓடுகிற பக்கம் நிலத்தில் அடியுங்கள். ஆவணியில் எங்கள் மண் கல்லாகக் காய்ந்துவிட்டால் எர்த் பிடிக்காது. கரண்ட் கசிந்தால் தானே நிறுத்துகிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் போடாமல் கரண்ட் எடுக்க வேண்டாம்.

விசுவமடு வீட்டுக்காரன் (பத்து நாள் கழித்து):
உடைத்தோம். குழாயின் மேல் பூச்சு ஒரு தீக்குச்சிக் கனம்கூட இல்லை. மேசனும் வயரிங் தம்பியும் ஒன்றும் கதைக்கவில்லை, கூலியில் பாதி பாதி விட்டுத்தந்தார்கள். வலை போட்டுத் திருத்தியாயிற்று. பின் அறையை விடிய ஐந்தரைக்குத் தொடங்கி, படங்கு கட்டிப் பூசினோம். தண்ணீருக்கு ஒரு பவுசர் எடுத்தேன், செலவுதான். ஏழு நாளாகிறது, தட்டினால் சத்தம் கெட்டி, கீறல் இல்லை. வயர்மன் அண்ணை, குசினியில் ஒரு குழாயில் இழுகம்பி பாதியில் நிற்கிறது. நாளைக்கு அந்த இடத்தை வெட்டிப் பார்க்கிறோம்.