முகூர்த்தம் குறிக்க அம்மா தேதி கேட்கிறார்: அவள் என்னை நம்பிச் சொன்னதை வீட்டில் சொல்ல வேண்டுமா?

பெயர்_வேண்டாம் எழுதியது:

வணக்கம். ஊர், வேலை எதுவும் எழுதவில்லை, தென்மாவட்டம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதை எழுதி முதலில் அவளிடம்தான் காட்டினேன். வேண்டாம் என்று அவள் அடித்த வரிகளை எடுத்துவிட்டு மிச்சத்தைப் போடுகிறேன்.

நானும் அவளும் விரும்பி, இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கி, கல்யாணப் பேச்சு நடக்கிறது. பெரியவர்கள் பேசத் தொடங்குவதற்கு முன்பே அவள் என்னை உட்கார வைத்து, தான் இன்டர்செக்ஸ், அதாவது ஆண், பெண் என்ற வழக்கமான உடலமைப்புக்குள் முழுசாக அடங்காமல் பிறந்தவள், என்று சொல்லிவிட்டாள். பிறவியிலேயே கர்ப்பப்பை இல்லை, மாதவிலக்கு வந்ததே இல்லை, சின்ன வயதில் ஒரு ஆபரேஷன், இப்போது தினமும் ஒரு மாத்திரை. அவ்வளவுதான் சொன்னாள், அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. கல்யாணம் பண்ணுவதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை, அதைப் பற்றிய கேள்வி இல்லை இது.

போன வாரம் அம்மா போனில், "அந்தப் பொண்ணுக்கு எப்பப்பா தேதி, கேட்டுச் சொல்லு, மூணு முகூர்த்தம் பாத்து வச்சிருக்கேன், நாள் இடிச்சிரக் கூடாது" என்கிறார். நம் ஊர் வழக்கம்தான், தப்பாக எதுவும் கேட்கவில்லை. ஆனால் எனக்கு வாய் வரவில்லை. இது முதல் கேள்விதான் என்பதும் தெரியும், கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதமே "விசேஷம் ஏதும் உண்டா" என்று தெருவே கேட்கும்.

அம்மாவிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. வீட்டில் சொல்லத்தான் வேண்டுமா? அந்த ஆபரேஷன் பற்றி அவளிடம் நான் கேட்கலாமா, அல்லது அவளாகச் சொல்லும்வரை விட்டுவிடுவதா? சின்ன வயதிலிருந்து எல்லாவற்றையும் கொட்டுகிற நண்பன் ஒருவன் இருக்கிறான், அவனிடமாவது சொல்லலாமா? மனசுக்குள்ளேயே வைத்திருப்பது பாரமாக இருக்கிறது, உண்மையைச் சொல்கிறேன்.

கடலோரம் எழுதியது:

தம்பி, நானும் இன்டர்செக்ஸ்தான். எனக்கு இருப்பது ஏஐஎஸ், ஆண்ட்ரோஜன் இன்சென்சிடிவிட்டி. குரோமோசோம் எக்ஸ்ஒய், ஆனால் ஆண் ஹார்மோனை உடம்பு ஏற்றுக்கொள்ளாது, அதனால் பெண்ணாகவே வளர்வோம். கல்யாணமாகிப் பல வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும், மாமியார் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம்.

தேதி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். "அவங்க வீட்டில் எந்த நாளும் பரவாயில்லைன்னு சொல்லிட்டாங்கம்மா" என்று சொல்லுங்கள். இது பொய்யே இல்லை. நாள் இடித்தால் தள்ளிப்போட மாத்திரை போட்டுக்கொள்வது இப்போது பாதி வீடுகளில் நடப்பதுதான், யாரும் இதைத் தோண்டமாட்டார்கள். அதைவிட நல்லது, அவளுடைய அம்மா உங்கள் அம்மாவிடம் நேராகப் பேசிக்கொள்ளட்டும். மகளுக்காக இந்த மாதிரிக் கேள்விகளை அவர் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சமாளித்து வந்திருப்பார், உங்களைவிட அவருக்கு லாவகம் அதிகம். ஆனால் இரண்டில் எது என்பதை அவளிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நீங்கள் ஒன்று சொல்லி, அவள் வீட்டில் இன்னொன்று சொன்னால் அங்கேதான் மாட்டும்.

ஆபரேஷன் பற்றிக் கேட்டீர்கள். எங்களில் நிறையப் பேருக்கு சின்ன வயதில் நடந்தது என்ன என்றே முழுசாகத் தெரியாது. குடல் இறக்கம் என்று சொல்லிக் கூட்டிப்போவார்கள், உள்ளே இருந்த ஹார்மோன் சுரக்கும் உறுப்பை எடுத்திருப்பார்கள், அப்பா அம்மாவிடம் மட்டும் டாக்டர் சொல்லி "பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்" என்பார். வளர்ந்த பிறகு பீரோவில் துணிக்கு அடியில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி கிடைத்துத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு. இன்னொன்றும் உண்டு. நான் காட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில், பேர் வேண்டாம், திரையை இழுத்துவிட்டுப் படிக்கிற பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னார்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது. "சரியாம்மா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. போர்வையை யார் பிடித்து விலக்கினார், விரலில் என்ன மோதிரம் போட்டிருந்தார் என்பதுவரை இன்றும் ஞாபகம் இருக்கிறது. அவளுக்கும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நடந்திருந்தால், "எங்கே காட்டு, என்ன பண்ணினாங்க" என்பது அன்பாகக் கேட்டாலும் பரிசோதனை மாதிரித்தான் காதில் விழும். விளக்கைப் போடுவதா அணைப்பதா என்பதுகூட அவள் சொல்லட்டும். "நீ சொல்ல நினைக்கிற அன்றைக்கு நான் கேட்கத் தயார், சொல்லாவிட்டாலும் சரி" என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள், அப்புறம் நிஜமாகவே விட்டுவிடுங்கள். வாரம் ஒருமுறை ஞாபகப்படுத்தினால் அதுவும் நச்சரிப்புதான். அவளுடைய நோயின் பெயரைப் போட்டு நெட்டில் படம் தேடிப் பார்க்காதீர்கள். அதில் வருகிற படங்களில் பாதி, என்னை மாதிரி யாரையோ கேட்காமல் எடுத்தவை.

முத்துமாலை எழுதியது:

கடலோரம் சொல்வது மனசுக்குப் படுகிறது, ஆனாலும் ஒரு தகப்பனாக எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. பேரப்பிள்ளை வரும் என்று பெற்றவர்கள் காத்திருப்பார்கள். நாலு வருடம் கழித்து எப்படியும் தெரியவரும்போது, "எல்லாம் தெரிந்தே எங்களிடம் மறைத்தாயே" என்று வருகிற வருத்தம் இன்றைக்குச் சொல்வதைவிடப் பெரிதாக இருக்கும். குடும்பம் என்றால் ஒளிவுமறைவு இருக்கக் கூடாது. தவிர, நாளைக்குச் சட்டச் சிக்கல் வந்தால்?

கறுப்புக்கோட்டு எழுதியது:

சட்டச் சிக்கல் என்றதால் வருகிறேன், குடும்ப நீதிமன்றத்தில் வேலை பார்ப்பவன். இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 12. தன்னைப் பற்றிய முக்கியமான விஷயத்தை மறைத்து, ஏமாற்றிச் சம்மதம் வாங்கியிருந்தால் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம், ஏமாற்றப்பட்டது தெரிந்த ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். இதில் மாமனார் மாமியாருக்கு இடமே இல்லை. மனு போடும் உரிமை கணவனுக்கோ மனைவிக்கோ மட்டும்தான், பார்க்கப்படுவதும் அவர்கள் இருவரின் சம்மதம்தான். அந்தப் பெண் சொல்ல வேண்டியவரிடம் பேச்சு தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார். முடிந்தது அவர் கடமை.

இதில் நான் கவலைப்படுவது அவருக்காக. வருடங்கள் போய், மனம் கசந்து, வீட்டார் தூண்டிவிட்டு, "எனக்குத் தெரியவே தெரியாது" என்று கணவன் கோர்ட்டில் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது அந்தப் பெண்ணின் மருத்துவக் காகிதம் முழுக்க வக்கீல்கள் கையில் ஊரும். அதனால் தம்பி, அவருக்கு ஒரு மெசேஜோ மெயிலோ அனுப்புங்கள்: "உன் உடல்நிலை பற்றி நீ சொன்னதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சம்மதிக்கிறேன்." நோயின் பெயர் வேண்டாம், ஆபரேஷன் விவரம் வேண்டாம், இந்த ஒரு வரி போதும். அவர் கையில் அது இருக்கட்டும்.

திருமணம் செல்லுமா என்று வேறு யாராவது கேட்பதற்கு முன் அதையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், ஒரு திருநங்கையின் திருமணப் பதிவு வழக்கில் தீர்ப்பு சொன்னார். மணமகள் என்ற சொல்லைப் பழைய குறுகிய அர்த்தத்திலேயே வைத்திருக்க முடியாது, தன்னைப் பெண்ணாக உணர்கிற இன்டர்செக்ஸ் நபரும் அதில் அடக்கம் என்பது அதன் சாரம். அதே தீர்ப்பில்தான், உயிருக்கு ஆபத்து இருந்தால் ஒழிய இன்டர்செக்ஸ் குழந்தைகளுக்குப் பாலினத்தை மாற்றும் ஆபரேஷன் செய்யக் கூடாது என்று தடை போடச் சொன்னார், அந்த ஆகஸ்டில் தமிழக அரசு அரசாணையும் போட்டது. இந்தியாவில் முதலில் தடை போட்டது நாம்தான். கடலோரம் சகோதரி காலத்தில் அது இல்லாமல் போனது.

முத்துமாலை அண்ணாச்சிக்கு: அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த உரிமை கல்யாணத்தோடு தீர்ந்துபோவதில்லை, கணவன் கைக்கும் போவதில்லை.

பெயர்_வேண்டாம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அவளும் படித்துக்கொண்டிருக்கிறாள். தேதியை அத்தை, அதாவது அவள் அம்மா, பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார், "எந்த நாளும் பரவாயில்லை" என்பதுதான் பதில். கறுப்புக்கோட்டு சார் சொன்ன வரியை நேற்றே அனுப்பிவிட்டேன், இப்படி ஒன்று தனக்குத் தோன்றவே இல்லை என்றாள்.

முத்துமாலை ஐயா சொன்னதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. குழந்தை விஷயத்தில் அம்மா ஏமாறக் கூடாது என்று நினைக்கிறேன். அதை மட்டுமாவது சொல்லலாமா?

கடலோரம் எழுதியது:

அவள் சரி என்றால் சொல்லலாம். குழந்தை பிறக்காது என்பது ஒரு செய்தி, ஏன் பிறக்காது என்பது வேறு செய்தி. முதலாவது உங்கள் இருவர் வாழ்க்கை, இரண்டாவது அவள் உடம்பு. நாங்கள் செய்தது இதுதான்: கல்யாணமாகி ஒரு வருடம் போன பிறகு என் வீட்டுக்காரர் மாமியாரிடம், "நாங்க ரெண்டு பேரும் டாக்டரப் பாத்துட்டோம்மா, எங்களுக்குப் பிறக்காது, தத்து எடுக்கலாம்னு இருக்கோம்" என்றார். "யாருக்குக் கோளாறு?" என்று உடனே கேட்டார் மாமியார். "எங்க ரெண்டு பேருக்கும்தான்" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார், அப்புறம் அந்தக் கேள்வி வந்தபோதெல்லாம் அதே பதில்தான். நம் ஊரில் காரணம் சொல்லாவிட்டால் பழி தானாகப் பெண் தலையில்தான் விழும், அந்த இடத்தில் நீங்கள் நின்றுகொள்ள வேண்டும். அரச மரம் சுற்று, அந்தக் கோவிலுக்குப் போ, எனக்குத் தெரிந்த டாக்டரம்மாவைப் பார் என்று வரும் அல்லவா, அத்தனைக்கும் மறுப்பு உங்கள் வாயிலிருந்து வரட்டும், அவளை அனுப்பாதீர்கள்.

தத்து என்றால், தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காரா மூலம் பதிய, திருமணமாகி நிலையாக இரண்டு வருடம் வாழ்ந்திருக்க வேண்டும், பதிந்த பிறகும் காத்திருப்பு நீளம். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

செவிலியாக இருக்கிறேன், ஹார்மோன் வார்டில் வருடக் கணக்காக. யாரும் வேண்டுமென்று வெளியே சொல்வதைவிட, கவனிக்காமல் கசிவதுதான் அதிகம், அதனால் சில விஷயங்கள்.

ரிப்போர்ட்டை போனில் படம் எடுத்தால், அந்தப் போனின் படங்கள் வீட்டில் யாருடைய கணக்கோடு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். கல்யாண ஆல்பம் பார்க்க டிவியில் போட்டபோது நடுவில் குரோமோசோம் ரிப்போர்ட் வந்து நின்ற கதை எங்கள் வார்டில் ஒரு பெண் அழுதுகொண்டே சொன்னது. லேப் எந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு முடிவு அனுப்புகிறது என்பதையும் மாற்றச் சொல்லுங்கள், பல பேருக்கு அது இன்னும் அப்பா நம்பராகவே இருக்கும். உங்கள் கம்பெனி இன்சூரன்சில் மனைவியைச் சேர்த்தால் அவள் கிளெய்ம் உங்கள் லாகினில் தெரியும், அது வேண்டுமா, தனியாகப் பாலிசி எடுப்பதா என்று அவளிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

மாத்திரையை எடுக்க மறந்தால் ஞாபகப்படுத்தலாம், ஆனால் எல்லோர் முன்னாலும் வேண்டாம். உள்ளே சுரக்கும் உறுப்பை எடுத்துவிட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் எலும்புக்காகவும் தேவை, நிறுத்தினால் சின்ன வயதிலேயே எலும்பு தேயும், அதனால் கூட்டுக் குடும்பத்தில் ஒளித்து ஒளித்துச் சாப்பிட்டு விட்டுப்போகிற நிலைமை வரக் கூடாது. டாக்டர் அறைக்குள் நீங்களும் வரலாமா என்று ஒவ்வொரு தடவையும் அவளிடம் கேளுங்கள், போன தடவை சரி என்றாளே என்று நுழையாதீர்கள். மாணவர்கள் பார்க்க வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு, சொல்லத் தயங்கினால், அவள் சம்மதத்தோடு நீங்கள் சொல்லுங்கள்.

நண்பனிடம் சொல்லலாமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. வேண்டாம். அவன் நல்லவனாகவே இருக்கட்டும். ஆனால் நாளைக்கு உங்கள் வீட்டில் விருந்துக்கு வந்து உட்காரும்போது, இவனுக்குத் தெரியுமா தெரியாதா என்று அவள் பரிமாறிக்கொண்டே யோசிக்க வேண்டிவரும். புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனுக்கு என்ன ஆனது என்று நமக்கெல்லாம் தெரியும். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார், பாலினச் சோதனை என்று பதக்கத்தைப் பறித்தார்கள், டாக்டர் அறைக்குள் இருக்க வேண்டிய விஷயம் நாடு முழுக்கச் செய்தியாக ஓடியது. சொந்த ஊரில் அந்தப் பிள்ளை தலைநிமிர்ந்து நடக்க எத்தனை வருடம் ஆனது! உங்களுக்குப் பாரமாக இருப்பது உண்மைதான், அதைக் கேட்கவும் ஆள் வேண்டும். ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள், அல்லது ஏற்கெனவே தெரிந்தவர்களில் யாரிடம் நான் பேசலாம் என்று அவளிடமே கேளுங்கள்.

முத்துமாலை எழுதியது:

காரணத்தையும் முடிவையும் பிரித்துச் சொன்னது எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. பெற்றவர்களுக்கு வேண்டியது முடிவுதான். ஆனால் தம்பி, அதைச் சொல்ல நாலு வருடம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெயர்_வேண்டாம் எழுதியது:

சரிங்க ஐயா. முதல் வருடத்துக்குள் சொல்வது என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டோம், என்ன வார்த்தையில் என்பதை அவள் எழுதித் தருகிறேன் என்றிருக்கிறாள். பேசுவதற்கு அவளுடைய அக்காவைச் சொன்னாள், அவருக்கு ஆரம்பத்திலிருந்து எல்லாம் தெரியுமாம். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணச் சொல்லியிருக்கிறார். போன் படங்களைப் பார்த்தேன், என்னுடையது தங்கச்சியின் டேப்லெட்டோடு சேர்ந்துதான் இருந்தது, பிரித்துவிட்டேன். இன்சூரன்ஸ் அவளுடைய ஆபீசிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.